அடித்ததாகச் சொன்ன மணி

லூர்துநாதனுக்கு மறதி கிடையாது. எந்தத் திருவிழாவில் எவன் அவனுடைய ஹார்ன் ஸ்பீக்கரைக் கீழே போட்டான், எந்தக் கல்யாணத்தில் மைக்செட்டுக்காரனைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்து ரசத்தோடு எழுப்பிவிட்டார்கள், எல்லாம் சொல்லுவான். செம்மங்குப்பம் தாண்டிக் கடலைப் பார்த்த மாதிரி இருக்கிற அந்தச் சின்னக் கத்தோலிக்கப் பங்கில் மைக்செட் என்றால் அவன்தான். படிப்பு எட்டாவதோடு சரி. கட்டை ஆள். பேச வேண்டியதில் பாதியைக் கண்ணாலேயே பேசி முடித்துவிடுவான்.

சில்லறைக் கோபங்கள் வந்து போகும். ஆனால் நெஞ்சில் வைத்துப் பூட்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் அம்மா ஆரோக்கியம்மாள் செத்த அன்றைக்குக் கோயில் மணி அடிக்கவில்லை. அடிக்கக் கூடாது என்று சொன்னவன் அந்தோணிசாமி. அவன் வேற்றாள் இல்லை. லூர்துநாதனின் பெண்டாட்டி பாத்திமா மேரிக்குக் கூடப்பிறந்த அண்ணன். பங்குப் பேரவைக்குச் செயலாளர். மணிக்கூண்டுச் சாவி அவன் இடுப்பில்தான் தொங்கும்.

அந்தப் பங்கில் சாவு மணிக்கு ஒரு கணக்கு உண்டு. செத்தது ஆம்பளை என்றால் மூணு மூணாக விட்டு விட்டு அடிப்பார்கள். பொம்பளை என்றால் ரெண்டு ரெண்டு. கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டில் இருக்கிறவன், கட்டுமரத்தை இழுத்துப் போட்டுவிட்டு வலை பிரிக்கிறவன், எல்லோருக்கும் அதுதான் செய்தி. ரெண்டு ரெண்டாக விழுந்தால், “எந்தப் பொம்பளப்பா?” என்று கேட்டுக்கொண்டு கோயில் பக்கம் நடப்பார்கள். மணி விழாவிட்டால் சாவே இல்லை.

ஆரோக்கியம்மாள் 2004 ஐப்பசி மழையில் செத்தாள். அதற்கு முன்னால் அவளுக்கு முட்டி வலி. எந்தத் தைலத்துக்கும் அடங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, “கிள்ளையில ஒரு பெந்தெகொஸ்தே ஜெப வீடு இருக்கு யக்கா, கை வெச்சு ஜெபிக்கிறாங்க, நடக்க முடியாதவங்கல்லாம் நடந்து வர்றாங்க” என்று கூட்டிப்போனாள். சில வெள்ளிக்கிழமை போய் வந்தாள். வலி போகவில்லை. ஆனால் அவள் அங்கே கையைத் தூக்கி அல்லேலூயா சொன்னதை யாரோ பார்த்துவிட்டு வந்து அந்தோணிசாமி காதில் போட்டுவிட்டார்கள்.

செத்த அன்றைக்குப் பங்குச் சாமியார் ஊரில் இல்லை. ஞான ஒடுக்கத் தியானத்துக்குப் பாண்டிச்சேரி போயிருந்தார். லூர்துநாதன் மழையில் நனைந்துகொண்டு போய் மச்சான் வாசலில் நின்றான்.

“மச்சான், அம்மா போயிட்டாங்க. மணி அடிக்கச் சொல்லணும். சாவி குடுங்க.”

அந்தோணிசாமி வாயில் குச்சியை வைத்துப் பல் விளக்கிக்கொண்டிருந்தான். துப்பிவிட்டுச் சொன்னான்: “அல்லேலூயா சொன்ன வாய்க்கு இங்க மணி கெடையாது மாப்ள. அங்கயே போயி அடிச்சுக்கச் சொல்லு.”

“செத்தவள வெச்சுக்கினு வெளையாடாதீங்க மச்சான்.”

“நான் வெளையாடல. இன்னிக்கு ஒருத்திக்கு வுட்டா நாளைக்கு ஊரே கிள்ளைக்குப் போவும். அடக்கம் பண்ணிக்க. பக்கத்துப் பங்கு சாமியார வரச் சொல்றேன். மணி மட்டும் கெடையாது.”

அவ்வளவுதான். கதவைக்கூடச் சாத்தவில்லை. உள்ளே போய் முகம் கழுவ ஆரம்பித்துவிட்டான்.

மணி விழாததால் ஆள் வரவில்லை. வந்தவர்கள் தெருக்காரர்கள் மட்டும். பெட்டியைத் தூக்கினால் வழியில் தோள் மாற்ற ஆள் வேண்டும். மாற்றத் தோள் இல்லை. அப்போது அந்தோணிசாமியின் அப்பா சவரிராயன், லூர்துநாதனுக்கு மாமனார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தார். மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிக்குக் கீழே தோளைக் கொடுத்தார். கல்லறை வரைக்கும் மாற்றவில்லை. அந்த வயதில் அவர் மூச்சு வாங்கிய சத்தம் மட்டும் லூர்துநாதன் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

சாமியார் திரும்பி வந்ததும் போய்ச் சொன்னான். அவர் அலுத்துக்கொண்டார். “தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சு அடக்கம் பண்ணியாச்சுல்லப்பா? அம்மா மோட்சத்துல இருக்காங்க. வுடு.”

அவன் விட்டிருப்பானோ என்னவோ. அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் உள்ளே வந்தது. அதற்கப்புறம் அந்தோணிசாமியே மணிக்கயிறைப் பிடித்துக்கொண்டு நின்றான். பங்கு ஆட்களுக்கு அடித்தான். பக்கத்துக் குப்பத்து ஆட்களுக்கும் அடித்தான். பேரே தெரியாமல் கரையில் கிடந்தவர்களுக்கும் அடித்தான். கை கொப்புளித்துப்போனது என்று ஊரே அவனைப் புகழ்ந்தது. லூர்துநாதன் வெள்ளம் போன வீட்டுக்குள் சகதியை வாரிக்கொண்டே ஒவ்வொரு அடியையும் கேட்டான். யார் யாருக்கோ அடிக்கிற கை, எங்க அம்மாவுக்கு மட்டும் அடிக்கவில்லை. அன்றைக்குத்தான் பூட்டைப் போட்டான்.

கடல் வந்து போனதில் மணிக்கூண்டுச் சுவர் வெடித்துவிட்டது. ஆடுகிற கூண்டில் மணி அடித்தால் எப்போது எது யார் தலையில் விழுமோ என்று மணியை இறக்கி வைத்துவிட்டார்கள். 2007-ல் புதுச் சாமியார் ஒருவர் வந்தார். கம்ப்யூட்டர் பிடிக்கும். “மணியப் பதிவு பண்ணிக் கூண்டு மேல ஹார்ன் கட்டி விட்டுருவோம். லூர்துநாதன், உன்னால முடியுமா?” என்றார்.

லூர்துநாதன் உடனே தலையாட்டவில்லை. அந்தோணிசாமி பக்கத்தில்தான் நின்றான். “எல்லாம் மாப்ள பாத்துக்கும் சாமி” என்றான் சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான், “முடியும் சாமி” என்றான் இவன்.

சிதம்பரத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லேப் பார்த்துக்கொள்கிற செம்பியன் இவனுக்குப் பழக்கம். காலேஜ் ஆண்டு விழாவுக்கு மைக்செட் கட்டப் போனபோது ஏற்பட்ட சிநேகம். லேபில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை அவன் தூசி தட்டி லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். வைரஸ் வராது, கேட்காமல் நிற்காது என்றான். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற சவுண்ட் கார்டு கோயிலுக்கு உள்ளே பாட்டுப் போட. வெளியே விரல் நீளத்துக்குச் சொருகுகிற யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று, அது கூண்டு மேல் இருக்கிற ஹார்னுக்கு.

கட்டி முடித்து ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் கரண்ட் போய் வந்தது. வந்ததும் ரெண்டு கார்டும் இடம் மாறிக்கொண்டன. ஞானஸ்நானம் நடந்துகொண்டிருக்கும்போது மதிய மணி கோயிலுக்குள்ளே இடி மாதிரி விழுந்து, தண்ணீர் ஊற்றியபோதுகூடச் சும்மா இருந்த குழந்தை வீறிட்டது. வெளியே கூண்டில், பாட்டுக்குழு பயிற்சிக்கு வைத்திருந்த பாட்டு ஊர் முழுக்கக் கேட்டது. சாமியார் சிரித்தார். அந்தோணிசாமி சிரிக்கவில்லை. “ஒழுங்கா செய்ய முடியலன்னா சொல்லிடு மாப்ள, பாண்டியிலேந்து ஆள் எடுத்துக்கறோம்” என்றான் ஜனங்களுக்கு நடுவில்.

லூர்துநாதன் அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் போனான். ஸ்டேஷன் எதிரே ஒரு டீக்கடையில் செம்பியன் விளக்கினான்.

“அண்ணே, லினக்ஸுல எந்தக் கருவியும் ஒரு ஃபைல் மாதிரி. டெவ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுல ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பேரு. அந்தப் பேர்ல சத்தத்தக் கொட்டினா அந்த ஸ்பீக்கர்ல வரும். இப்ப என்னாவுதுன்னா, கரண்ட் வந்ததும் எந்தக் கார்டு முந்திக்கிதோ அது ஒண்ணாம் நம்பர எடுத்துக்குது.”

“முந்தாம இருக்க என்னா வழி?”

“ரெண்டு வழி இருக்கு. பழைய வழி, பேர நாமளே கையால எழுதி வெச்சு, எது முதல்ல எது ரெண்டாவதுன்னு வரிசையையும் கட்டிப் போட்டுடறது. கார்டு இருந்தாலும் இல்லாட்டியும் அந்தப் பேரு அங்கயே கெடக்கும். நடுவுல வேற ஒண்ணு வந்துச்சு, அதத் தூக்கிட்டாங்க. இப்ப புதுசு யூடெவ். கார்டச் சொருவினா பேரு வரும், புடுங்கினா பேரும் போயிரும். எந்த ஓட்டையில சொருவினாலும் கார்டோட அடையாளத்தப் பாத்து நாம சொன்ன பேர வெச்சிரும். உங்களுக்கு அதுதான் சுலுவு.”

“பேரு நாமளே வெக்கலாமா?”

“என்னா வெக்கணும்?”

“மணி.”

“யாருண்ணே மணி?”

“ஆளு இல்லப்பா. கோயில் மணி.”

செம்பியன் சிரித்துவிட்டு, டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “ஆனா புதுசுல ஒரு கோளாறு இருக்கு” என்றான்.

“என்னா?”

“பழைய வழில கார்டு இல்லாதப்ப மணியப் போட்டீங்கன்னா, கருவி இல்லன்னு ஸ்கிரீன்ல கத்தும். நமக்குத் தெரிஞ்சுரும். புதுசுல கார்டு இல்லன்னா பேரே இல்ல. நீங்க ஒரு பேரச் சொல்லி அதுல கொட்டுன்னா, அது என்னா பண்ணும்? அந்தப் பேர்ல தானே ஒரு சாதா ஃபைல உண்டாக்கி, மணி சத்தம் பூராத்தையும் அதுக்குள்ள கொட்டிரும். வெளிய ஒரு பொட்டு சத்தம் வராது. தப்புன்னும் சொல்லாது. முடிஞ்சுதுன்னு சொல்லும்.”

லூர்துநாதன் கிளாஸைக் கீழே வைத்தான். “அப்பறம்?”

“அப்பறம் என்னா. மெஷின அணைச்சா அந்த ஃபைலும் போயிரும். நடந்ததே தெரியாது. ஒண்ணும் பயமில்லண்ணே, கொட்டுறதுக்கு முன்னாடி கார்டு இருக்கான்னு பாக்கச் சொல்லி ஒரு வரி சேத்துட்டா போதும்.”

“அந்த வரி வேணாம்.”

“ஏண்ணே?”

“கோயில்ல மணி அடிக்கிற உபதேசியாருக்குக் காது மந்தம். ஸ்கிரீனத்தான் நம்பிக்கினு இருக்காரு. தப்பு கிப்புன்னு எதுனா வந்தா பதறிப்புடுவாரு. அடிச்சாச்சுன்னு தமிழ்ல ஒரு எழுத்து வந்தா போதும். புதுசே போடு.”

செம்பியனுக்கு அது சரியாகவே பட்டது. அவனுக்கென்ன தெரியும். லூர்துநாதன் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, தனக்குள் ஒரு பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்தான். நம்ம வீட்டுல மணி விழாம ஒரு பொணம் போச்சு. அவன் வீட்டுலயும் ஒண்ணு போவட்டும். ஆளு வராம, தோளு மாத்த வழி இல்லாம, வாசல்ல நின்னுக்கினு ஏன் மணி அடிக்கலன்னு அவன் கேக்கட்டும். அப்ப சொல்லணும், ஸ்கிரீன்ல அடிச்சாச்சுன்னு வந்துருக்கே மச்சான்னு. இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது வாய் தானாக அசைந்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அதற்கப்புறம் காத்திருந்தான். மச்சான் வீட்டில் அவன் மனசுக்குள் குறித்து வைத்திருந்தது அந்தோணிசாமியின் கிழட்டுச் சின்னம்மாவை. படுத்த படுக்கை. ஒரு தடவை ஜிப்மருக்குத் தூக்கிப்போனார்கள். லூர்துநாதன் கையைப் பிசைந்துகொண்டு இருந்தான். கிழவி பிழைத்து வந்து இறால் தொக்கு கேட்டாள். இன்னொரு தடவை, சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதலே கொடுத்தாகிவிட்டது. மறுநாள் எழுந்து உட்கார்ந்து டிவி போடச் சொன்னாள்.

“சின்னம்மாவுக்கு எப்டி இருக்கு?” என்று அவன் வாராவாரம் பாத்திமா மேரியைக் கேட்பான்.

“எங்க வூட்டாளுங்க மேல உங்களுக்கு எப்பலேந்து இவ்ளோ அக்கற?” என்பாள் அவள். கேட்டுவிட்டு அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பாள்.

இதற்கு நடுவில் ஊரில் எத்தனையோ சாவு. ஒவ்வொன்றுக்கும் அவன் கட்டிய மணி கூண்டு மேலிருந்து தப்பாமல் விழுந்தது. உபதேசியார் பொத்தானை அழுத்துவார். நாலைந்து நிமிஷம் மணி அடித்து ஓய்ந்ததும் ஸ்கிரீனில் எழுத்து வரும்: மணி அடித்தாகிவிட்டது. வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போவார். மணிக்கயிறு இழுத்து இழுத்தே காது அடைத்துப்போன மனுஷன் அவர்.

2011 ஆடியில் செத்தது சின்னம்மா இல்லை. சவரிராயன். காலையில் காபித் தண்ணி கேட்டுவிட்டு, டம்ளர் வருவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டார். பாத்திமா மேரிக்குப் போன் வந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு தெருவில் ஓடினாள்.

லூர்துநாதன் அவள் பின்னால் ஓடவில்லை. சட்டையை மாட்டினான். கோயில் ஆபீஸுக்குப் போனான். மைக்செட் பராமரிப்பவன் என்று ஒரு சாவி அவனிடமும் இருந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டான்.

கையை விட்டபோது சேற்றில் இறங்கி வந்த அந்தத் தோள் ஞாபகம் வந்தது. மூச்சு வாங்கிய சத்தம் வந்தது. இவருக்கா, என்று ஒரு கேள்வி எழுந்தது. அந்தோணிசாமிக்கு அப்பன் ஒருத்தர்தான், வேறு எங்கே போவது, என்று அதற்குப் பதிலும் வந்தது. ஹார்னுக்குப் போகிற கார்டைப் பிடுங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

உபதேசியார் வந்தார். பொத்தானை அழுத்தினார். வழக்கமாக நாலைந்து நிமிஷம் கழித்து வருகிற எழுத்து இன்றைக்கு அழுத்திய கையோடு வந்தது. மணி அடித்தாகிவிட்டது. மெஷின் இன்றைக்கு நல்ல சுறுசுறுப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் சிலுவை போட்டுவிட்டுச் சாவு வீட்டுக்கு நடந்தார்.

கூண்டு சும்மா இருந்தது. லூர்துநாதன் மச்சான் வீட்டு வாசலில் ஷாமியானாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது தெரு காலியாக இருக்க வேண்டும். அந்தோணிசாமி நாலு பக்கமும் பார்க்க வேண்டும்.

தெரு காலியாக இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் கால் வைக்க இடமில்லை. ஆளாளுக்குக் கையில் போன். ஒருத்தன் பத்துப் பேருக்கு அடித்தான், பத்துப் பேர் நூறு பேருக்கு அடித்தார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து ஆபீஸ்காரர்கள் பைக்கில் வந்தார்கள். கிள்ளையிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். மதியத்துக்குள் மெயின் ரோட்டு முனையில் சவரிராயன் படம் போட்ட ஃபிளக்ஸ் நின்றது. கண்ணீர் அஞ்சலி. அந்தோணிசாமி ரெண்டு காதிலும் ரெண்டு போனை வைத்துக்கொண்டு மாறி மாறி வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

யாரும் மணியைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருத்தன்கூடக் கேட்கவில்லை.

லூர்துநாதனால் தாங்க முடியவில்லை. அவனே கிட்டப் போனான்.

“மச்சான், காலைல மணி சத்தம் கேட்டுச்சா?”

“அடிச்சுருப்பாங்க மாப்ள. இந்த அமளியில யாரு கவனிச்சா? நீ பாட்டுக்கு ரெண்டு பாக்ஸு போட்டுருக்க, பின்னாடி பந்தலுக்குக் கேக்கல. இன்னும் ரெண்டு இழுத்து வுடு.”

“எங்க அம்மாவுக்கு மணி அடிக்காதப்போ…”

“ஒங்க அம்மாவா? அவுங்களுக்கு என்னா?” என்றான் அந்தோணிசாமி. போன் அடித்தது. “ஆங், சொல்லுங்க, செம்மங்குப்பம் தாண்டி லெஃப்ட்டு…” என்று திரும்பிக்கொண்டான்.

அவன் நடிக்கவில்லை. லூர்துநாதன் அவன் கண்ணைப் பார்த்தான். நிஜமாகவே ஞாபகம் இல்லை. இத்தனை வருஷம் இவன் பூட்டி வைத்துத் தினம் எடுத்துத் துடைத்துப் பார்த்தது, அவனுக்குப் பல் விளக்கித் துப்பிய ஒரு வாய்த் தண்ணி. திட்டியிருந்தால்கூட லூர்துநாதனுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

பெட்டி ஓரம் உட்கார்ந்திருந்த பாத்திமா மேரி எழுந்து வந்தாள். அழுது முடித்த முகம். அவனைச் சுவர் ஓரமாக ஒதுக்கினாள்.

“எங்க அப்பாவுக்கு மணி வுழல.”

அவன் கை பாக்கெட்டுக்குப் போய்த் திரும்பியது.

“நான் காதக் குடுத்துக்கினே ஓடுனேன். மூணு மூணா வுழும்னு. வுழல.” அவள் கண் அவன் சட்டைப் பாக்கெட்டுக்கு வந்தது. துணிக்கு வெளியே கார்டின் முனை தெரிந்தது. “எங்க அண்ணனக் கேக்க வேண்டியத எங்க அப்பாகிட்ட கேட்டுருக்கீங்க.”

“மேரி…”

“உங்க அம்மாவ யாரு தூக்குனது? போங்க. எடுத்தத வெச்சிட்டு வாங்க. பெட்டி கோயிலுக்கு வர்றதுக்குள்ள எங்க அப்பாவுக்கு வுழுவணும்.”

அவன் போனான். ஓடவில்லை, விறுவிறுவென்று நடந்தான். காலையில் சத்தத்தை விழுங்கிக்கொண்டு கிடந்த சாதா ஃபைலை அழித்துவிட்டுக் கார்டைச் சொருகினான். டெவ் ஃபோல்டருக்குள் மணி என்ற பேர் முளைத்தது. மூணு மூணாகப் போட்டான். கூண்டு மேல் ஹார்ன் உறுமி மணி விழுந்தது. தூரத்தில் பெட்டி தெருவைத் திரும்புவது ஜன்னலில் தெரிந்தது. சவரிராயனுக்கு ஒரு அடிகூடக் குறையாமல், நடுவில் கை வைக்காமல், முழுக்க அடிக்க விட்டான். அது அவருக்குச் சேர வேண்டியது.

அது ஓய்ந்ததும் எழுந்து வந்திருக்கலாம். அவன் எழவில்லை. இன்னொரு பதிவை எடுத்தான். ரெண்டு ரெண்டு. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி கட்டிவிட்டான். தட்டினான்.

பெட்டி கோயில் வாசலுக்கு வந்து நின்றுவிட்டது. உள்ளே சாமியார் ஆரம்பிக்க வேண்டும். மேலே ரெண்டு ரெண்டாக இடித்துக்கொண்டே இருந்தால் எப்படி ஆரம்பிப்பார்? கூட்டம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது. “பொம்பளைக்கு அடிக்குதே, யாரு?” “அதுக்குள்ள இன்னொரு சாவா?” “சின்னம்மா கெழவியா?” “அது அங்க குந்திக்கினு இருக்கு பாரு.”

அந்தோணிசாமி ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னாலேயே ஏழெட்டுப் பேர்.

“யோவ் மாப்ள, நிறுத்துய்யா! பெட்டி வாசல்ல நிக்கிது. ரெண்டு ரெண்டா அடிக்கிற, பொம்பளையா செத்துருக்கா?”

“ஆமா. பொம்பளதான்.”

“யாரு?”

“ஆரோக்கியம்மா.”

அந்தோணிசாமிக்குப் பேர் பிடிபடக் கொஞ்ச நேரமானது. “ஒங்க அம்மாவா? அது எந்தக் காலத்துக் கத! பைத்தியமா ஒனக்கு? அதான் அன்னிக்கே…” சொல்ல வந்தது நின்றுவிட்டது. அவன் முகம் மாறியதை லூர்துநாதன் ஒரு துளி விடாமல் பார்த்தான்.

“சொல்லு. அன்னிக்கே?” என்றான் லூர்துநாதன். மச்சான் என்ற முறையும் போய்விட்டது, நீங்க என்ற மரியாதையும் போய்விட்டது. “அல்லேலூயா சொன்ன வாய்க்கு மணி இல்லன்னு யாரு சொன்னது? வாயால சொல்லு, நிறுத்துறேன்.”

அந்தோணிசாமி கீபோர்டில் கை வைத்துத் தட்டினான். எதுவும் நிற்கவில்லை. வயரைப் பிடித்தான்.

“புடுங்கு” என்றான் லூர்துநாதன். “நானும் அதத்தான் பண்ணுனேன். காலைல ஒங்க அப்பனுக்கு மணி அடிக்கல. நான்தான் புடுங்கி பாக்கெட்டுல வெச்சிருந்தேன். மத்தியானம் வரைக்கும் அடிக்கல. ஒனக்குத் தெரிஞ்சுதா?”

வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்தோணிசாமி கையை ஓங்கினான்.

“அடி. அடிச்சுட்டு இவுங்ககிட்ட சொல்லு. பெத்த அப்பனுக்கு மணி வுழல, புள்ளைக்குத் தெரியல. எனக்கு எங்க அம்மாவுக்கு வுழாதது தெரியும். தெனம் தெரியும்.”

ஓங்கிய கை அப்படியே நின்று கீழே வந்தது. அந்தோணிசாமி கதவு பக்கம் பார்த்தான். எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேரவையில் கூட உட்காருகிறவர்கள், அவன் கொப்புளித்த கையைப் புகழ்ந்தவர்கள். மேலே ரெண்டு ரெண்டாக விழுந்துகொண்டே இருந்தது. பெட்டியைத் தூக்கி நின்றவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள்.

“நான்தான் வேணாம்னேன்” என்றான் தரையைப் பார்த்து.

“கேக்கல. மணி சத்தம் ஜாஸ்தியா இருக்கு.”

“நான்தான்யா வேணாம்னேன்! ஆரோக்கியம்மாவுக்கு மணி அடிக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்! போதுமா?”

அந்தக் கத்தல் வாசல் வரைக்கும் போனது. லூர்துநாதன் அவனை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கவிட்டான். நடந்துகொண்டிருந்த சுற்று முடியும்வரை. அப்புறம்தான் நிறுத்தினான்.

பெட்டி உள்ளே போனது. பூசை முடிந்து கல்லறைக்குக் கிளம்பியபோது லூர்துநாதன் முன்னால் போய்த் தோளைக் கொடுக்கப் பார்த்தான். தூக்கியிருந்தவர்கள் நெருங்கிக்கொண்டார்கள். இடம் விடவில்லை. முன்னால் அந்தோணிசாமி தலையைக் குனிந்துகொண்டு நடந்தான், யாரும் அவனோடு பேசிக்கொண்டு நடக்கவில்லை. லூர்துநாதனுக்கு அதைப் பார்க்க இனித்தது. பாத்திமா மேரி பொம்பளைகளோடு அவனைத் தாண்டிப் போனாள், திரும்பவில்லை. அது இனிக்கவில்லை. ரெண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டு கடைசி ஆளாக நடந்தான்.

வேனில் வந்த கிழவி ஒருத்தி, வெளியூர்க்காரி, மூச்சு வாங்க அவன் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்:

“ரெண்டாவது மணி யாருக்குப்பா அடிச்சாங்க?”

“எங்க அம்மாவுக்கு.”

“ஐயோ மாதாவே.” கிழவி நின்று நெற்றியிலிருந்து சிலுவை போட்டுக்கொண்டாள். “ஒரே நாள்ல ரெண்டா! தெரியவே தெரியாதேப்பா. எப்ப எடுக்கறாங்க? நானும் வந்துட்டே போறேன்.”

“எடுத்தாச்சும்மா” என்றான் லூர்துநாதன்.